நங்கூர லிப்டும் பரமேஸ் மச்சாளும்

தை 11, ஞாயிறு

மழை. காத்து. எங்கட குப்பைத்தொட்டி மூடியும் பக்கத்து வீட்டானின்ர மூடியும் றோட்டில ஒண்டையொண்டு துரத்துது.

மத்தியானம் ஆட்டிறைச்சிக் கறி. நான் வாய் நிறையச் சோத்தோட இருக்கிற நேரம் பாத்து மகன் குகன் சொன்னவன். மாசி லீவுக்கு நோர்வே. அவன், மருமகள் ரஜனி, பேத்தி மாயா. "அம்மா வழக்கம்போல மாமி வீட்டை."

வழக்கம்போலவாம். ஆர் அதை வழக்கமாக்கினது? நானில்லை.

மாமி எண்டு குகன் சொல்லுறது என்ர மனுசன்ர தங்கச்சி பரமேஸ் மச்சாளை. பிரெடெரிசியா எண்ட ஊரில இருக்கிறா. நாலு வருசம், வருசத்துக்கு ஒரு கிழமை, என்னைக் கொண்டுபோய் அங்க இறக்கினவை. நான் ஒண்டையும் மறக்கேல்லை.

முதல் வருசம்: ஹீற்றரை நான் மூண்டுக்குத் திருப்ப அவ ரெண்டுக்குத் திருப்ப, ஏழு நாள்.
ரெண்டாம் வருசம்: ஒரு தேயிலைப் பையில ரெண்டு பேருக்கும் தேத்தண்ணி. முதல் கோப்பை அவவுக்கு.
மூண்டாம் வருசம்: நான் வைச்ச ரசத்தைக் குடிச்சிட்டு, "வருத்தக்காரருக்கு நல்லம்" எண்டவ.
நாலாம் வருசம்: அவ ரீவியோட கதைச்சா. நான் யன்னலோட.

வீட்டில தனிய நிக்கிறன் எண்டன். உடன ரஜனி, "மாமி, புட்டுப்பானை." ஒருக்கா. ஒரேயொருக்கா தண்ணி வத்திப்போய்ப் புகைமணி அடிச்சது. தீயணைக்கிற பெடியள் வந்தவை, உண்மை. முதல் அவிச்ச புட்டைச் சம்பலோட சாப்பிட்டிட்டுத்தான் போனவை, அதை மட்டும் இந்த வீட்டில ஒருத்தரும் கதைக்கிறேல்லை.

நானும் நோர்வேக்கு வாறன் எண்டன்.

கரண்டியைக் கீழ வைச்சிட்டு குகன் விளங்கப்படுத்தினான். அந்த வீடு மலையில. மாரியில றோட்டு மூடி. காரைக் கீழ விட்டிட்டு, காலில ஸ்கி எண்டு ஸ்னோவில வழுக்கிற நீட்டுப் பலகை மாட்டி, லிப்ட் இழுக்க மேல போகவேணும். சாமானுக்கு ஒரு வண்டி இருக்காம், அதில ஆள் ஏத்தக்கூடாதாம். நடந்தால் ஒரு மணித்தியாலம். என்ர முழங்காலுக்கு மூண்டு.

"லிப்ட் எண்டால் கதவு திறக்கிற லிப்ட் இல்லை, அம்மா."

மாயா போனில படம் காட்டினாள். கதிரை தொங்கிற லிப்ட். கயிறு லிப்ட். தடி லிப்ட். எல்லாத்திலயும் ஆக்கள் விழுகினம், அவள் சிரிக்கிறாள். பன்ரெண்டு வயசு. நான் தமிழில கேட்டா டேனிசில மறுமொழி.

"சரி அம்மா, லிப்டில ஏறிக் காட்டுங்கோ, கூட்டிக்கொண்டு போறன்," எண்டான் குகன். சிரிச்சுக்கொண்டுதான் சொன்னவன். சிரிச்சுச் சொன்னாலும் சொன்னது சொன்னது. நேரம் ஒண்டு இருவது. எழுதி வைக்கிறன்.


தை 13, செவ்வாய்

மழை விட்டுது. காத்து விடேல்லை.

உடுப்புப் பிரச்சினை. சீலையோட ஏலாதாம். ரஜனியின்ர ஸ்கிக் களிசான் போட்டுப் பாத்தன். என்ர வாழ்க்கையில முதல் களிசான். உள்ளுக்கை உள்பாவாடையும் கட்டினன், ஒரு மரியாதைக்கு. இடுப்பு உருண்டு பூசணிக்காய் மாதிரி வந்திட்டுது. ரஜனி பாவாடையைக் கழட்டச் சொன்னவ. கழட்டேல்லை.

ரஜனி வயசுபோன ஆக்களைப் பராமரிக்கிற இடத்தில வேலை. அங்கத்தைய குரலிலதான் என்னோடயும் கதைக்கிறது. உரத்து, ஆறுதலா. "மாமி. விழுந்தா. இடுப்பெலும்பு." எனக்குக் காது நல்லாக் கேக்கும்.

கறிவேப்பிலைக் கண்டில ரெண்டு புது இலை.


தை 17, சனி

குளிர், வெயில். ராகுகாலம் முடியப் பத்தரைக்கு வெளிக்கிட்டம். அதுக்கு முதல் நான் காரில ஏறேல்லை.

குகனோட வேலை செய்யிறவன் ஒருத்தன் சொன்ன ஸ்கி கிளப். முப்பத்தஞ்சு நிமிச ஓட்டம். மலை எண்டு நினைச்சுப் போனன். மேடு. ஒரு காலத்தில குப்பை கொட்டின இடமாம். மண் போட்டு மூடி, மேல பிளாஸ்டிக் பாய் விரிச்சிருக்கினம். கூட்டுற தும்புக்கட்டை ஆயிரத்தை மல்லாத்தி அடுக்கின மாதிரி. அதுக்குத் தண்ணி அடிச்சு வழுக்கப்பண்ணுகினம். இந்த நாட்டுக்காரருக்கு மலையும் இல்லை, ஸ்னோவும் ஒழுங்கா இல்லை, ஆசை மட்டும் குறையேல்லை.

லிப்டுக்குப் பொறுப்பு பெண்ட் எண்டு ஒரு கிழவர். என்னை விட மூண்டு வயசு கூட. சம்பளம் இல்லாமல் வாறவராம். மூக்கு நுனியில ஒரு துளி தொங்குது. விழுகிறேல்லை. அவர் கதைக்கேக்க நான் அதைத்தான் பாத்துக்கொண்டு நிண்டன்.

காலில ஸ்கி மாட்டிவிட்டார். முதல் கயிறு. கயிறு ஓடும், பிடிச்சால் இழுக்கும். அது சுகம். இருவத்திரண்டு வருசம் மீன் பக்ரறியில பெட்டி இழுத்த கை. பெண்ட் தலையாட்டினார்.

பேந்து தட்டு லிப்ட். தடி நுனியில வட்டத் தட்டு. தடியைக் காலுக்கு நடுவால விட்டுத் தட்டைப் பின்பக்கம் வைக்கவேணுமாம். எழுவத்தொரு வயசில. சனத்துக்கு முன்னால. குகனை அங்கால பாக்கச் சொன்னன், பாத்தான். பெண்டையும் சொன்னன். தான் அங்கால பாத்தால் தடி ஆர் தாறது எண்டு கேட்டார். நியாயம்.

தடியை நீட்டினார். வேண்டாம், தாங்ஸ் எண்டன். ஒருத்தர் நீட்டின உடன பறிக்கிற பழக்கம் எனக்கில்லை. விட்டிட்டார். தடி தனிய மேல போச்சு. அடுத்ததை நீட்டினார். பரவாயில்லை எண்டன். அதுவும் போச்சு. மூண்டாந்தரம் வாங்குவம் எண்டு நிண்டன். அவர் எனக்குப் பின்னால நிண்ட பெட்டைக்குக் குடுத்திட்டார்.

குகன்: "அம்மா, இஞ்ச ரெண்டு தரம் வேண்டாம் எண்டால் வேண்டாம்தான்."

முப்பத்தாறு வருசம் இந்த நாட்டில. எத்தினை கேக்குத்துண்டு இப்பிடி என்னைக் கடந்து போயிருக்கும்.

பேந்து முதல் தரமே வாங்கினன். தட்டு வந்து முட்டினவுடன அதில குந்தி இருந்தன். விழுந்தன். இருக்கக்கூடாதாம். நிக்கவேணுமாம், அது இழுக்குமாம். பிறகேன் இருக்கிற இடத்தில தட்டை வைக்கிறது?

விழுந்தது நாலு தரம். உள்பாவாடை கரையில கிழிஞ்சுபோச்சு. கடைசித் தரம் பாதித் தூரம் போனன்.


தை 18, ஞாயிறு

எல்லா இடமும் நோ. தைலம் பூசி வீடு முழுக்க மணம். மாயா மூக்கைப் பொத்திக்கொண்டு போறாள், ஆனால் கால் அமத்திவிட்டவள். டேனிசில ஏதோ புறுபுறுத்துக்கொண்டு.

பரமேஸ் மச்சாள் போன் எடுத்தவ. ஆர் சொன்னதெண்டு தெரியாது. ரஜனிதான்.

"என்ன மச்சாள், மலை ஏறுறியளாம்?"

"ஓம்."

"கவனம். இஞ்ச வாற கிழமைக்கு நான் அறையெல்லாம் ஒதுக்கி வைச்சிருக்கிறன். புதுப் போர்வை."

எனக்கு அந்தப் போர்வையைத் தெரியும். தன்ர மகளின்ர கலியாணத்துக்கு வந்தது. உறையோட வைச்சிருந்தவ.

முந்தி எங்களுக்குள்ள நீர் எண்டுதான் கதை. இப்ப ஆறு வருசமா நீங்கள்.


தை 21, புதன்

வானம் மூடல். ஒண்டும் காயுதில்லை, காலுறை எல்லாம் ஹீற்றருக்கு மேல.

மாயா பள்ளிக்கூடத்தால வந்து ஒரு செய்தி. அந்த நோர்வே வீட்டுக்குப் போற லிப்ட் தட்டு இல்லை. நங்கூரம். ஒரு தடி, அதின்ர அடியில குறுக்கால ஒரு கட்டை. ரெண்டு பேர், தடிக்கு இஞ்சால ஒருத்தர் அங்கால ஒருத்தர், கட்டை ரெண்டு பேருக்கும் பின்னால. படத்தில பாத்தால் தொங்கவிட்ட நங்கூரம்தான்.

நாலு நாளா நான் படிச்சது வேறை பாடம்.

"ரெண்டு பேரும் ஒரே உயரமா இருந்தால் நல்லம், அப்பம்மா." இதை மட்டும் தமிழில சொன்னாள். பாவப்பட்டிருப்பாள்.

குகன் ஆறடி. ரஜனி அவன்ர காதளவு. மாயா இந்த நாட்டுப் பாலில வளந்தவள், என்னை விட அரைச் சாண் கூட. நான் நாலடி பத்து.


தை 24, சனி

தூறல். பாய் நல்லா வழுக்குது.

கிளப்பிலயும் ஒரு நங்கூர லிப்ட் இருக்கு. குகனோட அதில ஏறினன். கட்டை அவனுக்குத் தொடையில, எனக்கு முதுகில. எனக்குச் சரிப்பண்ண அவன் குந்தினான். ஆறடி ஆம்பிளை குந்திக்கொண்டு மேட்டில ஏறுறதை ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையளின்ர கூட்டம் நிண்டு பாத்தது. பத்து மீற்றர். ரெண்டு பேரும் உருண்டம். "என்ர இடுப்பு, அம்மா," எண்டான். என்ர இடுப்பை ஒருத்தரும் கேக்கேல்லை.

ரஜனியோட. அவ ஏறமுதலே, "மாமி, பயப்பிடாதேங்கோ, பயப்பிடாதேங்கோ," எண்டு கத்தினதில அவதான் விழுந்தவ.

மாயாவோட. "ஸ்லாப் ஆ, அப்பம்மா." உடம்பைத் தளரவிடட்டாம். தளரவிட்டன். அவளில சாஞ்சு அவளையும் கொண்டு விழுந்தன்.

பெண்ட் வந்து என்னைத் தூக்கி நிப்பாட்டினார். பிழை என்னிலை இல்லையாம், சோடியிலயாம். "உன்னை மாதிரி இன்னொருத்தி வேணும். இதே அளவு. எங்கையும் இருக்கிறாளோ?"

குகன் ரஜனியைப் பாத்தான். ரஜனி சப்பாத்தைப் பாத்தா. ஒருத்தரும் பேர் சொல்லேல்லை. திரும்பி வரேக்க கார் முழுக்க அந்தப் பேர்தான் இருந்தது.

அடுத்த சனிதான் கடைசி. அதுக்குப் பிறகு குகனுக்கு நேரமில்லை, அதுக்கு அடுத்த சனி அவை வெளிக்கிடுகினம்.


தை 25, ஞாயிறு

காலமை ஒரு கொஞ்சம் வெயில். பருப்புக் கழுவிக்கொண்டு யோசிச்சன். எழுதித்தான் வைப்பம்.

நானும் பரமேஸ் மச்சாளும் ஒரே உயரம். ஒரே தோள், ஒரே கை நீளம். கோல்டிங்கில, பிரெடெரிசியாவில எங்கட ஆக்களின்ர கலியாணம் எண்டால் ஆராத்திக்கு எங்களைத்தான் கூப்பிடுவினம். தட்டை ரெண்டு பேர் ரெண்டு பக்கம் பிடிக்கவேணும். ஒருத்தி உயரம் ஒருத்தி கட்டை எண்டால் தட்டுச் சரியும், தண்ணி பொம்பிளையின்ர கூறைச் சீலையில ஊத்துப்படும். எங்கட தட்டு ஒருநாளும் சரியேல்லை. கதைக்கிறேல்லை, கண்ணாலயும் சொல்லுறேல்லை. ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்தில கை திரும்பும். பதிநாலு கலியாணம். ஆற்றை ஆற்றை எண்டு வரிசையாச் சொல்லுவன்.

பதினஞ்சாவது அவவின்ர சொந்த மகளுக்கு. என்ர மனுசன் போய் எட்டு மாசம். புருசன் இல்லாதவள் ஆராத்தி எடுக்கிறேல்லை. அது எனக்குத் தெரியாதோ? கேட்டிருந்தால் நானே வேண்டாம் எண்டிருப்பன். வேண்டாம் எண்டு சொல்லுறதுக்கு வசனம்கூட யோசிச்சு வைச்சிருந்தனான். பச்சைச் சீலை, மூண்டாவது வரிசை, ஓரக் கதிரை. மச்சாள் தட்டோட என்னைக் கடந்து போனவ. என்ர பக்கம் பாக்கேல்லை. ஹொல்ஸ்டெப்ரோவில இருந்து வந்த கிருபா மற்றப் பக்கத்தைப் பிடிச்சா. கிருபா அஞ்சடி ஆறு. தட்டுச் சரிஞ்சுது.

சரிஞ்சது எனக்குச் சந்தோசமா இருந்தது. அதையும் எழுதுறன், பொய் எழுதி என்ன.

அவவைக் கேக்கமாட்டன்.


தை 28, புதன்

கேட்டன்.

காரணம்: ரஜனி என்ர பெட்டியைக் கீழ எடுத்து வைச்சிட்டா. பிரெடெரிசியாவுக்கு எண்டு. என்னைக் கேக்காமல். அதுக்குள்ள என்ர குளிர்ச் சட்டை, மருந்து, செபமாலை மாதிரி நான் உருட்டிற உருத்திராக்கம் எல்லாம்.

போன் எடுத்தன். "மச்சாள், ஒரு உதவி."

"என்ன, மலை முடிஞ்சுதோ?"

"ஒரு ஆள் வேணும். என்ர உயரத்துக்கு."

அங்கால அவவின்ர ரீவி மட்டும் கேட்டது. ஆரோ சமையல் சொல்லிக்கொண்டிருந்தது.

"எத்தினை மணிக்கு?" எண்டா.

ஒருக்காக்கூட வேண்டாம் எண்டு சொல்லேல்லை. என்னை ஒரு கிழமை வைச்சிருக்கிறதிலும் மேட்டில விழுகிறது சுகம் எண்டு நினைச்சிருப்பா.


தை 31, சனி

கடுங்குளிர். பாயில உறைபனி. 

மச்சாளை அவவின்ர மனுசன் செல்வராசா அண்ணை கொண்டுவந்து இறக்கினார். மச்சாள் போட்டிருந்தது அவற்றை களிசான், இடுப்பில சீலைக்கரைக் கயிறு. தாலிக்கொடியை ஜக்கற்றுக்கு வெளியில விட்டிருந்தவ.

"உந்தக் கொடியை உள்ளுக்கை விடுங்கோ. தடியில கொழுவும்."

"எனக்குத் தெரியும்."

உள்ளுக்கை விட்டா. எல்லாருக்கும் திருநீறு பூசினா. பெண்டுக்கும். அவர் வேண்டாம் எண்டு சொல்லேல்லை.

பெண்ட் எங்கள் ரெண்டு பேரையும் பக்கத்தில பக்கத்தில நிப்பாட்டி மேலயும் கீழயும் பாத்தார். சந்தையில மாடு பாக்கிற மாதிரி. "சரியான சோடி," எண்டார். ரெண்டு பேரும் வேறை வேறை பக்கம் பாத்தம்.

முதல் தரம்: கட்டை வந்து முட்ட ரெண்டு பேரும் இருந்தம். ஒரே நேரத்தில. விழுந்தம், நான் கீழ, அவ மேல. பாரம்.

ரெண்டாந்தரம்: ஒரு கதையில்லாமல் பாதித் தூரம். எனக்குக் கால் உளைய இருப்பம் எண்டு நினைச்சன். நினைச்ச உடன கட்டைக்குத் தெரிஞ்சுபோச்சு.

மூண்டாந்தரத்துக்கு குகன் மணிக்கூட்டைப் பாத்தான். "அம்மா, இது கடைசி. பெண்டுக்கும் சாப்பிட வேணும்."

ஏறினம். பத்து மீற்றர் போகேல்லை, மச்சாள் தொடங்கினா.

"தடியை உங்கட பக்கம் இழுக்கிறியள்."

"நான் இழுக்கேல்லை."

"ஆராத்தித் தட்டும் உப்பிடித்தான். எப்பவும் உங்கட பக்கம் இழுபடும்."

"பதிநாலு கலியாணம். ஒரு சொட்டுச் சிந்தினதோ? அதுக்காகத்தான் கிருபாவைக் கூப்பிட்டீரோ?"

நீர் எண்டு வந்திட்டுது. வந்தால் வரட்டும் எண்டு விட்டன்.

"அதை இன்னும் வைச்சிருக்கிறீரோ?"

"வைச்சிருக்கிறன். என்னட்டை ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாம். நானே வேண்டாம் எண்டிருப்பன்."

"நீர் ஓம் எண்டிருப்பீர்."

"எனக்கு முறை தெரியாதெண்டோ சொல்லுறீர்?"

"முறை தெரியும். ஆனால் அவளைத் தூக்கி வளத்தது நீர். நான் பக்ரறிக்குப் போக உம்மட மடியில கிடந்தவள். கேட்டிருந்தால் ஓம் எண்டு எழும்பியிருப்பீர். பேந்து சபைக்கு முன்னால உம்மை இருத்தவேண்டியது ஆர்? நான். அண்ணை செத்து எட்டு மாசத்தில நான் அதைச் செய்யிறதோ? அதுதான் உம்மட பக்கம் பாக்காமல் போனனான்."

காத்து. லிப்ட் கம்பி மேல கிறீச் கிறீச் எண்டுது. முன்னுக்கு ஒரு சின்னப் பிள்ளை, சிவப்புத் தொப்பி.

யோசிச்சன். ஆறு வருசமா எல்லாத்தையும் திருப்பித் திருப்பிப் பாத்திருக்கிறன், சீலை நிறம், கதிரை, தட்டு. கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பன் எண்டு மட்டும் பாக்கேல்லை. இப்ப பாத்தன். வேண்டாம் எண்ட வசனம் வாயில வந்திராது. ஓம் எண்டுதான் சொல்லியிருப்பன்.

அவவுக்குச் சொல்லேல்லை.

"கிருபா பிடிச்ச தட்டுச் சரிஞ்சுது," எண்டன்.

"சரிஞ்சதுதான். கூறையில கறை இன்னும் இருக்கு. அதுக்குப் பிறகு நான் ஒருத்தற்றை தட்டும் பிடிக்கேல்லை."

அப்பதான் பாத்தன், மேல வந்திட்டம். சண்டையில ரெண்டு பேரும் இருக்க மறந்துபோனம்.

இறங்கிற இடம். ஒருத்தர் முதல் வழுக்கிப் போகவேணும், மற்றவர் கட்டையைப் பிடிச்சு விடவேணும்.

"நீர் இறங்கும், மச்சாள்."

"இல்லை, நீர் மூத்தவ, நீர் முதல்."

"பரவாயில்லை, நீர் போம்."

"சீ, நீர்."

ரெண்டு பேரும் இறங்கேல்லை. இறங்கிற இடம் எங்களைக் கடந்து போச்சு. ஒரு மஞ்சள் கயிறு கட்டியிருந்தது, அதில போய் முட்ட மணி அடிச்சு லிப்ட் முழுக்க நிண்டுது. மேட்டில ஏறிக்கொண்டிருந்த சனமெல்லாம் அப்பிடியே நிக்குது. பெண்ட் கீழ இருந்து நடந்து ஏறி வந்தார், மூச்சு வாங்க. மூக்கில துளி இல்லை.

விழுந்ததோ எண்டு கேட்டார். இல்லை எண்டம். ஆராவது கட்டையில குந்தினதோ எண்டு கேட்டார். இல்லை எண்டம்.

"அப்ப ஏறினது ஏறினதுதான்," எண்டு குகனுக்குக் கீழ கைகாட்டினார்.


மாசி 1, ஞாயிறு

ஸ்னோ ஒரு விரல் கனம். பத்து மணிக்கு உருகிப்போச்சு.

குகன் சொன்ன சொல்லை மறுக்கேல்லை. "சரி அம்மா, நோர்வே." நான் ஒண்டு இருவது எண்டு எழுதினதைக் காட்டத் தேவை வரேல்லை.

பேந்து சொன்னான்: "ஆனால் நங்கூரத்தில உங்களால மாமியோட மட்டும்தானே ஏற ஏலும். மாமிக்கும் சொல்லியிட்டன். ஓமாம்."

நான் இதை முதலே யோசிச்சிருக்கவேணும். அவ வீட்டில ஒரு கிழமை இருக்கக்கூடாதெண்டு மூண்டு சனி விழுந்தெழும்பி, அவவோட ஒரு கிழமை மலையில இருக்கிறதை வாங்கியிருக்கிறன்.

ரஜனி சிரிப்பை அடக்க அலுமாரிக்குள்ள தலையை விட்டா.


மாசி 5, வியாழன்

மழை. பெட்டி அடுக்கினது.

புட்டுமா ரெண்டு பை. மிளகாய்த்தூள். தைலம். குளிர்ச் சட்டை ரெண்டு. தேயிலைப் பை ஒரு பெட்டி, எனக்கு மட்டும், பேர் எழுதி. ரஜனியின்ர களிசான். புது உள்பாவாடை.

மச்சாள் போன். எங்களுக்குப் பிள்ளையளின்ர அறையாம். கட்டில் ஒண்டுக்கு மேல ஒண்டு.

"கீழ்க் கட்டில் எனக்கு, மச்சாள். முழங்கால்."

எனக்கும் முழங்கால்தான். நான் சண்டைக்குப் போகேல்லை. மேல் கட்டில் எண்டால் ஏழு நாளும் அவவுக்கு மேலதானே நான். சரி எண்டன். அவவுக்கு ஒண்டும் விளங்கேல்லை, நல்ல மனசு எண்டு சொல்லிப்போட்டுப் போனை வைச்சா.

மாயா படம் காட்டினாள். ஏணிக்கு அஞ்சு படி, நேர் நெட்டா. கராஜில குகன்ர ஏணி ஒண்டு நிக்குது. காலமை அவன் வேலைக்குப் போனாப் பிறகு ஏறிப் பாக்கவேணும்.